படத்துக்கும் பாட்டுக்கும் ஒரே ரிசீவர்

வீட்டுக் கூடத்தில் பெரிய திரையும் அதைச் சுற்றி ஐந்தாறு ஸ்பீக்கர்களும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுள், சினிமாவில் எவ்வளவு பிரியமோ அவ்வளவு பிரியம் சங்கீதத்திலும் உடையவர்கள், கடை வாசலை மிதிப்பதற்கு முன்பே ஒரு தயக்கத்துக்கு ஆளாகிவிடுகிறார்கள். பல சேனல்களை இயக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவர் வெடிச் சத்தத்துக்கும் குதிரைக் குளம்படிக்கும் ஏற்றதே தவிர, தம்பூராவின் நாதத்தைக் கௌரவமாகக் கொடுக்க அதனால் ஆகாது என்றும், சங்கீதத்துக்கென்று இரண்டு சேனல் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத் தனியாக வாங்கியே தீர வேண்டும் என்றும் ரசிகர்களிடையே ஓர் அபிப்பிராயம் வெகுகாலமாக நிலைபெற்றிருக்கிறது. அதில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இன்று அந்த நியாயத்தின் பெரும்பகுதி கரைந்துவிட்டது. ஒரே ரிசீவர் இரண்டுக்கும் தாராளமாக உதவும். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் பெருமைகளை ஒதுக்கிவிட்டு, முன்பக்கத்து இரண்டு ஸ்பீக்கர்களை அது எவ்வளவு உறுதியாக இயக்குகிறது என்பதையும், அறையின் தாழ்ந்த ஒலிகளை எவ்வளவு திறமையாக ஆள்கிறது என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

சினிமாவின் ஒலியும் சங்கீதத்தின் ஒலியும் வெவ்வேறு ஜாதி என்ற எண்ணமே சரித்திரத்துக்கு முரணானது. 1931-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் என்ற இளம் எஞ்சினியர், பின்னாளில் தம் மனைவியான டோரீனுடன் பேசும் படம் ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்தபோது, திரையில் நடிகர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துபோனாலும் அவர் குரல் மட்டும் ஒரே ஸ்பீக்கரிலிருந்து அசையாமல் வந்துகொண்டிருந்தது அவர் மனத்தை உறுத்தியது. ஆளோடு குரலையும் நகரச் செய்யும் மார்க்கம் தமக்குப் புலப்பட்டுவிட்டதாக அவர் சொன்னாரென்பது பிரசித்தமான செய்தி. ஈ.எம்.ஐ. கம்பெனியின் ஆராய்ச்சியாளராக இருந்த அவர் அவ்வருஷம் டிசம்பரிலேயே அந்த முறைக்குப் பேட்டன்ட் கோரி விண்ணப்பித்தார்; 1934-இல் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் தாமஸ் பீச்சம் நடத்திய மோட்ஸார்ட் சிம்பொனியை அந்த முறையிலேயே பதிவு செய்தும் காட்டினார். யுத்த காலத்தில், 1942-இல், விமானத்திலிருந்து தரையைத் துலக்கும் ராடார் கருவியைச் சோதிக்கப் போன இடத்தில் நேர்ந்த விபத்தில் அவர் 38 வயதிலேயே மாண்டுபோனார். இன்று நாம் சங்கீதத்தின் தனிச் சொத்தாக எண்ணும் ஸ்டீரியோ, ஒரு சினிமாக் கொட்டகையில் தோன்றிய அதிருப்தியின் குழந்தை.

அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச்சாலையார் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்தார்கள். 1933 ஏப்ரல் 27-ஆம் தேதியன்று பிலடெல்பியாவில் வாசித்த வாத்தியக் குழுவின் இசையை மூன்று மைக்ரோபோன்களால் வாங்கி, மூன்று டெலிபோன் கம்பிகளில் வாஷிங்டன் நகரத்துக்கு அனுப்பி, அங்கே ஒரு மண்டபத்து மேடையின் இடத்திலும் நடுவிலும் வலத்திலும் வைத்த மூன்று ஸ்பீக்கர்களில் ஒலிக்கச் செய்தார்கள். அக்குழுவின் தலைவரான லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி அன்று வாத்தியக்காரர்களிடையே நிற்காமல், வாஷிங்டனில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் விசைகளுக்கருகே இருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. ஏனெனில் அதே ஸ்டோகோவ்ஸ்கிதான் 1940-இல் வால்ட் டிஸ்னியின் ‘ஃபேன்டாஸியா’ படத்துக்கு இசையை நடத்தி, மூன்று சேனல் ஒலியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தவர். 1953-இல் வந்த சினிமாஸ்கோப் முறையும் முன்னால் மூன்று, சுற்றுப்புறத்துக்கு ஒன்று என்று நான்கு சேனல்களை வைத்துக்கொண்டது. வீட்டுக்கு மட்டும் ஏன் இரண்டே வந்தன? 1950-களின் இறுதியில் விற்பனைக்கு வந்த ஸ்டீரியோ இசைத்தட்டின் பள்ளத்துக்கு இரண்டே சுவர்கள். ஒவ்வொரு சுவரிலும் ஒரு சேனலைத்தான் செதுக்க முடியும். நடுச் சேனல் நம் வீடுகளுக்கு வராமல் போனது காதின் விருப்பத்தால் அன்று, பள்ளத்தின் அமைப்பால்தான்.

இரண்டு ஸ்பீக்கர்களைக் கொண்டு நடுவில் ஒரு பாடகரைத் தோற்றுவிப்பது காதை ஏமாற்றும் ஓர் அழகிய வித்தை. ஒலி வரும் திசையை நாம் அறிவது, அது இரு செவிகளையும் அடையும் நேரத்திலுள்ள சிறு வேற்றுமையாலும் உரப்பின் வேற்றுமையாலும் என்பதை ராலே பிரபு 1907-இல் தெளிவாக்கினார். அந்த நேர வேற்றுமை எவ்வளவு அதிகமானாலும் மில்லி விநாடியில் சுமார் 0.7 பங்குக்கு மேல் போவதில்லை. இரு ஸ்பீக்கர்களுக்கும் சமதூரத்தில் உட்கார்ந்தால் இந்த வேற்றுமை மறைந்து, குரல் நடுவே நிற்கிறது. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கோ அருகிலுள்ள ஸ்பீக்கரின் ஒலி முந்திக்கொள்வதால், பாடகர் அந்தப் பக்கமாகவே ஒதுங்கிவிடுகிறார். தனியே அமர்ந்து கச்சேரி கேட்கும் ரசிகருக்கு இது குறையில்லை. குடும்பம் முழுவதும் வரிசையாக அமர்ந்து படம் பார்க்கும்போதுதான் குறை. ஆகையால் வசனத்துக்கு நடு ஸ்பீக்கரும், சங்கீதத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களும் என்று ஒரே ரிசீவரில் வைத்துக்கொள்வதில் யாதொரு முரண்பாடும் இல்லை.

ரிசீவர் என்ற பெட்டி மூன்று காரியங்களைச் செய்கிறது. பல இடங்களிலிருந்து வரும் சமிக்ஞைகளில் வேண்டியதைப் பொறுக்கி, அதில் சங்கேதமாக அடங்கியிருக்கும் சேனல்களைப் பிரிப்பது ஒன்று. எண்களாக உள்ள அவற்றை மின்னலைகளாக மாற்றி, அறைக்கு ஏற்பத் திருத்துவது மற்றொன்று. அந்த நுண்ணிய அலைகளை ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குப் பெருக்குவது மூன்றாவது. முதற் காரியத்தில் இன்று மலிவான ரிசீவரும் உயர்ந்த ரிசீவரும் ஏறத்தாழ ஒன்றே. எண்ணை அலையாக்கும் பகுதியிலும், 1982-இல் வந்த காம்பாக்ட் டிஸ்க்கின் 96 டெசிபெல் வீச்சைக் காதுக்குக் குறை தோன்றாமல் கையாளும் திறமை சாதாரணச் சில்லுகளுக்கே வந்துவிட்டது. வேற்றுமை மிஞ்சியிருப்பது அறைத் திருத்தத்திலும் பெருக்கும் சக்தியிலுமே.

சக்தியைப் பற்றி நிலவும் மயக்கங்களை நீக்கச் சிறிது கணக்கு அவசியம். 8 ஓம் தடையுள்ள ஒரு ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் அது ஏற்கும் சக்தி சரியாக ஒரு வாட். அந்த ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் நடுத்தரமான ஸ்பீக்கர் சுமார் 87 டெசிபெல் ஒலி தருகிறது. நாம் மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால், சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலியையும் சேர்த்துக்கொண்டு, அது ஏறக்குறைய 81 ஆகக் குறைகிறது. வாட் இரட்டித்தால் டெசிபெல் 3 கூடும். வாட் பத்து மடங்கானால் டெசிபெல் 10 கூடும். அப்பொழுதுதான் காதுக்கு ‘இரண்டு மடங்கு உரக்க’ என்று தோன்றும். சங்கீதத்தைச் சுகமாகக் கேட்கும் 75 டெசிபெல் சராசரிக்குக் கால் வாட் போதும்; மிருதங்கத்தின் அடி அதற்குமேல் 15 டெசிபெல் துள்ளினாலும் எட்டு வாட்டில் அடங்கிவிடும். படத்தின் கதை வேறு. கொட்டகைகளுக்கென்று வகுத்த அளவின்படி ஒவ்வொரு பிரதான சேனலின் உச்சமும் 105 டெசிபெல் வரை போகலாம். மேற்சொன்ன ஸ்பீக்கரில் அதை எட்ட 250 வாட் வேண்டும். வீட்டில் பெரும்பாலோர் அதைவிடப் பத்து டெசிபெல் தாழ்த்தியே பார்ப்பதால், 25 வாட்டில் காரியம் முடிகிறது. இந்தக் கணக்கிலிருந்தே ஒன்று விளங்கும்: 80 வாட் ரிசீவரை விட்டு 100 வாட் ரிசீவருக்குப் போவதால் கிடைப்பது ஒரே ஒரு டெசிபெல். அந்த இலாபத்துக்காக ஒருவர் ஒரு ரூபாயும் அதிகம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கரைத் தேர்ந்தால், ரிசீவரின் சக்தி இரட்டித்ததற்குச் சமமான பலன் கிடைத்துவிடுகிறது.

வாட் என்று அச்சிட்டிருக்கும் எண்ணும் எல்லா இடத்திலும் ஒரே பொருள் உடையதன்று. அமெரிக்காவில் இந்த எண்களை மனம்போனபடி உயர்த்திக் காட்டும் வழக்கம் முற்றியதனால், 1974-இல் அரசாங்கமே இதற்கென்று ஒரு விதி செய்ய நேர்ந்தது. அந்த விதி 2024-இல் மீண்டும் திருத்தி இறுக்கப்பட்டது. 8 ஓமில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்களையும் ஒருங்கே இயக்கி, 0.1 சதவீதத்துக்குட்பட்ட சிதைவுடன் அளந்த 80 வாட், 6 ஓமில், 1,000 ஹெர்ட்ஸில் மட்டும், ஒரே சேனலை இயக்கி, 10 சதவீதச் சிதைவுடன் அளந்த 150 வாட்டைக் காட்டிலும் பெரிதாக இருக்கலாம். எனவே விவரச் சீட்டில் ‘இரண்டு சேனல்கள் இயக்கத்தில்’ என்று எழுதியிருக்கும் வரியைத் தேடிப் படிக்க வேண்டும். ஒன்பது சேனல், ஒவ்வொன்றும் நூறு வாட் என்றால் தொள்ளாயிரம் வாட் என்று பெருக்கிப் பார்ப்பது வீண். வழக்கமான ஏபி வகை ஆம்ப்ளிஃபையர், அதன் சித்தாந்த எல்லையான 78.5 சதவீதத் திறனுடனேயே இயங்கினாலும், தொள்ளாயிரம் வாட் கொடுக்கச் சுவர்ப் பிளக்கிலிருந்து 1,146 வாட் இழுக்க வேண்டும்; மிச்சம் முழுதும் உஷ்ணமாகும். அப்படி ஓயாமல் இயங்குவதற்காக இப்பெட்டிகள் கட்டப்படுவதில்லை. எல்லாச் சேனல்களும் ஒரே கணத்தில் உச்சத்துக்குப் போவது படத்திலும் அபூர்வமாதலால், அதில் மோசடி ஒன்றும் இல்லை. ஆனால் சேனல் எண்ணிக்கைக்குக் கொடுக்கும் பணத்தை மின்மாற்றிக்கும் உஷ்ணம் வெளியேற்றும் அலுமினியச் சிறகுகளுக்கும் செலவிட்ட ரிசீவர், அதே விலையில், இரண்டு காரியங்களுக்கும் மேலானது.

8 ஓம் என்று பெயர் பெற்ற ஸ்பீக்கர் சில சுரங்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. அப்போது அதே வோல்ட்டுக்கு இரு மடங்கு மின்னோட்டம் பாய வேண்டும். 8 ஓமில் சொன்ன வாட்டை 4 ஓமில் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தரும் ரிசீவருக்கு இந்தச் சோதனையில் மூச்சு முட்டுவதில்லை. விவரச் சீட்டில் 4 ஓம் வரியே இல்லையென்றால், அந்த மௌனத்தையும் ஒரு தகவலாகக் கொள்ளலாம்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் முறை 2012-இல் வந்தது. அவ்வருஷம் டிசம்பரிலேயே ‘சிவாஜி’ படத்தின் முப்பரிமாணப் பதிப்பு அந்த முறையில் வெளியானதால், தமிழ் ரசிகர்களுக்கு அது அன்னியமன்று. கொட்டகையில் 64 ஸ்பீக்கர்கள் வரை பயன்படும் அந்த முறைக்கு வீட்டில் கூரையில் இரண்டோ நான்கோ வைப்பது வழக்கம். கூடம் பெரிதாக இருந்து, கூரையில் துளையிடவும் மனமிருந்தால், அது இன்பமானதுதான். இரண்டுக்கும் பணம் போதாதென்றால், கூரையை விட்டுவிட்டு முன்பக்கத்து ஸ்பீக்கர்களை உயர்ந்ததாக வாங்குவதே உசிதம். சங்கீதம் முழுவதும், சினிமாவின் பெரும்பகுதியும் அங்கிருந்துதான் வருகின்றன.

இனி அறை. ரிசீவரைப் பற்றிய கட்டுரையில் அறைக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று தோன்றலாம். உண்மையில் விஷயத்தின் மர்மஸ்தானமே இதுதான். நம் வீடுகளில் சுவர் செங்கல்லும் சிமெண்டும், தரை வழவழப்பான டைல்ஸ், கூரை கான்கிரீட். ஒலியை உறிஞ்ச வேண்டிய இடமெல்லாம் அதை அப்படியே திருப்பியடிக்கிறது. ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர் செல்வதால், 5 மீட்டர் நீளமுள்ள அறையில் 34 ஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவர்களுக்கிடையே பொருந்தி நின்றுவிடுகிறது. 4 மீட்டர் அகலத்துக்கு 43 ஹெர்ட்ஸ். 3 மீட்டர் உயரத்துக்கு 57 ஹெர்ட்ஸ். இவற்றின் மடங்குகளும் கலப்புகளும் தனி. அந்த அலைகள் சுவரோரத்தில் பூதாகாரமாகவும் அறையின் நடுவே அறவே இல்லாமலும் கேட்கும். ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் பத்து டெசிபெல்லுக்கு மேலேயே வேற்றுமை இருப்பது சகஜம். எந்த நல்ல ஆம்ப்ளிஃபையரும் தன் குற்றத்தால் இதில் நூறில் ஒரு பங்கு கெடுதலும் செய்வதில்லை.

நம் சங்கீதத்துக்கு இது எவ்வளவு பெரிய தீங்கு என்பதை உணர, சி. வி. ராமன் நம் தோற்கருவிகளில் கண்ட அதிசயத்தை நினைவுகூர வேண்டும். ஒரே சீரான தோலை இழுத்துக் கட்டிய முரசில் எழும் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று இசைந்த மடங்குகளாக அமைவதில்லை. அதனால்தான் அதன் ஒலி சுரமாகாமல் வெறும் சத்தமாக நிற்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பிய கருஞ்சாந்து, தோலின் பளுவைப் பக்குவமாக மாற்றி, அடிச்சுரம் உட்பட முதல் ஐந்து சுரங்களையும் தந்திவாத்தியத்தைப் போல முழு மடங்குகளில் அமைக்கிறது என்பதை அவர் 1920-இலும் பிறகு 1934-இலும் வெளியிட்ட ஆராய்ச்சிகளில் நிரூபித்தார். பெயரறியாத கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் செவியாலேயே கண்டுபிடித்த இந்தச் சமநிலையை, ஒரு சிமெண்டுச் சுவர் குலைத்துவிடுகிறது: இடந்தலையான தொப்பியின் தாழ்ந்த நாதம் ஒரு சுரத்தில் மட்டும் குமுறி எழுந்து, வலந்தலையின் தெளிவை மூடிவிடுகிறது. அதே குமுறல்தான் படத்தில் வசனத்தையும் விழுங்குகிறது. நோய் ஒன்றாயிருப்பதால் மருந்தும் ஒன்றே.

அந்த மருந்து சினிமாவிலிருந்து வந்ததுதான். 1983-இல் லூகாஸ்ஃபிலிம் கம்பெனியில் டி.எச்.எக்ஸ். என்ற கொட்டகைத் தர முறையை வகுத்த டாம்லின்சன் ஹோல்மன் முதலியோரின் முயற்சியால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளைப் பிரதான ஸ்பீக்கர்களிடமிருந்து பிரித்துச் சப்வூஃபருக்கு அனுப்பும் ஏற்பாடு வீடுகளிலும் வழக்கமாயிற்று. அவ்வளவு தாழ்ந்த ஒலியின் திசை காதுக்குத் துலங்காதாகையால், இடமும் வலமும் சங்கீதத்துக்கு எங்கே அழகோ அங்கேயும், சப்வூஃபர் அறைக்கு எங்கே பொருந்துமோ அங்கேயும் இருக்கலாம். சப்வூஃபருக்குச் சொந்த ஆம்ப்ளிஃபையர் இருப்பதால் ரிசீவரின் பளுவும் குறைகிறது. அதே ஹோல்மன் பின்னர் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து 2002-இல் நிறுவிய ஆடிஸியின் திருத்தமுறை இன்று டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் இருக்கிறது. ஸ்வீடனின் உப்சலாப் பல்கலைக்கழகத்தில் பிறந்த டிராக் முறையை ஆன்கியோ முதலியோரின் சில மாடல்களில் காணலாம். யமஹாவுக்குச் சொந்த முறை உண்டு. ரிசீவருடன் வரும் மைக்ரோபோனை நாம் அமரும் இடத்தில், செவியின் உயரத்தில், கையில் பிடிக்காமல் ஒரு முக்காலியில் நிறுத்தி, மின்விசிறியையும் ஏசியையும் அணைத்துவிட்டு, பெட்டி சொல்லும் இடங்களிலெல்லாம் அளக்கவிட்டால், குமுறும் சுரங்களை அது கண்டு அடக்கிவிடுகிறது.

சங்கீத ரசிகர்களுள் மிகத் தூய்மை பேசுகிறவர்கள், பாட்டுக் கேட்கும்போது இத்திருத்தங்களையெல்லாம் நிறுத்திவிடும் ‘ப்யூர் டைரக்ட்’ விசையைப் போற்றுவார்கள். அவர்களுடைய செவியிடம் எனக்கு மரியாதை உண்டெனினும், நம் வீடுகளைப் பொறுத்தவரை இதை என்னால் ஒப்ப முடியவில்லை. அந்த விசையை அழுத்தினால் காதுக்குப் புலப்படாத அளவு மின் இரைச்சல் குறையலாம். கூடவே பத்து டெசிபெல் குமுறல் திரும்பி வந்துவிடுகிறது, பல ரிசீவர்களில் சப்வூஃபரும் வாய் மூடிவிடுகிறது. ஆனால் அவர்கள் பக்கமும் ஓர் உண்மை இருக்கிறது. ஏறக்குறைய 200, 300 ஹெர்ட்ஸுக்கு மேலே கேட்பது பெரும்பாலும் ஸ்பீக்கரின் குணமே, அறையின் குணமன்று. அங்கே நல்ல ஸ்பீக்கரை ஒரு யந்திரம் திருத்தப் புகுந்தால் குரலின் இயல்பு கெடலாம் என்பதைக் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் நெடுங்காலம் ஸ்பீக்கர்களை ஆராய்ந்த ஃபிளாய்ட் டூல் வற்புறுத்தியிருக்கிறார். திருத்தத்தை ஒரு வரம்புக்குக் கீழே மட்டும் நிறுத்திக்கொள்ளும் வசதி டிராக்கிலும், ஆடிஸியின் செல்போன் செயலியிலும் உண்டு. படத்துக்கும் பாட்டுக்கும் சேர்த்து ரிசீவர் வாங்குகிறவர் கடையில் முதலில் விசாரிக்க வேண்டியது இந்த வசதியைத்தான்.

படமும் பாட்டும் உண்மையிலேயே வேறுபடும் இடம் ஒன்று உண்டு. ஒலியைக் குறைக்கக் குறைக்கக் காது தாழ்ந்த சுரங்களை வேகமாக இழந்துவிடுகிறது என்பதை ஃபிளெச்சரும் மன்சனும் 1933-இல், அதே பெல் ஆராய்ச்சிச்சாலையில், அளந்து காட்டினார்கள். இராக் காலத்தில் மெல்லப் படம் பார்ப்பவருக்கு இதை ஈடுசெய்ய, ஒலியின் அளவறிந்து தாழ்ந்த சுரங்களை உயர்த்தும் ஏற்பாடு பல ரிசீவர்களில் இருக்கிறது. படங்களெல்லாம் ஒரு பொது அளவை வைத்துப் பதிவு செய்யப்படுவதால், எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது பெட்டிக்குத் தெரியும். இசைப்பதிவுகளுக்கோ அத்தகைய பொது அளவு இல்லை. ஒரு பழைய கச்சேரி ஒலிப்பதிவு மெல்லியதாகவும், நேற்று வந்த சினிமாப் பாட்டு உரத்ததாகவும் இருக்கும். ஆகவே படத்துக்குச் சரியாக இருந்த உயர்த்தல் பாட்டுக்கு மிகையாகிவிடும். ஆடிஸியில் இதற்காக 5, 10, 15 டெசிபெல் என்று தணிக்கும் படிகள் உள்ளன. பாட்டுக்கு 10-ஐயோ 15-ஐயோ வைத்தோ, அல்லது அந்த ஏற்பாட்டையே நிறுத்தியோ கேட்பது நலம்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். தொலைக்காட்சியிலிருந்து ஒலியை நஷ்டமின்றித் திருப்பி அனுப்பும் ஈ-ஆர்க் வசதி எச்.டி.எம்.ஐ. துளையில் இருக்க வேண்டும். பின்னால் ‘ப்ரீ-அவுட்’ துளைகள் இருந்தால், நாளைக்குப் பெரிய ஸ்பீக்கர் வாங்கும்போது ரிசீவரை மாற்றாமல் தனி ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கதவு மூடிய அலமாரிக்குள் அதை வைப்பது கூடாது. மேலே ஒரு சாண் இடமாவது காலியாக இருக்கட்டும்.

கடையில் இரண்டு ரிசீவர்களை மாற்றி மாற்றிக் கேட்டு முடிவு செய்கிறவர்கள், இரண்டின் உரப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரை டெசிபெல் வேற்றுமை இருந்தாலும், உரத்ததே உயர்ந்ததென்று செவி தீர்ப்பளித்துவிடும். அதைச் சமன் செய்து, ஒரே ஸ்பீக்கரில், தமக்கு நன்றாகப் பழகிய ஒரு கச்சேரியைக் கேட்டால், இரண்டுக்குமுள்ள வேற்றுமை அவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சிறிதாகவே இருக்கக் காண்பார்கள். கடையின் அறை வேறு, வீட்டின் அறை வேறு என்பதால் அந்தத் தீர்ப்பும் பாதித் தீர்ப்பே. வீட்டுக்கு எடுத்துச் சென்று மைக்ரோபோனால் அளந்து கேட்டுவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று ஒப்புக்கொள்ளும் கடைக்காரர் கிடைத்தால், விலையில் சிறிது கூடுதலானாலும் அவரிடமே வாங்குவது தகும்.